மற்றும் பலர்

ஜனவரி 6, செவ்வாய்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். இந்த டைரி, என் மனைவி செண்பகம் தையலுக்கு நூல் வாங்கும் கடையில் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'தரமான லைனிங் துணிக்கு எங்களை நாடுங்கள்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் பொருட்படுத்தாமல் எழுதுகிறேன். எங்கள் கல்லூரியில் ஒரு முக்கியமான காரியம் தொடங்கியிருக்கிறது. அதற்கு நான்தான் தலைமை.

பின்னாளில் யாராவது படித்தால் புரிய வேண்டும் அல்லவா, அதற்காக விவரம்: நான் இரா. குலசேகரன், இயற்பியல் துறை, செந்தூரா பொறியியல் கல்லூரி, கோவில்பட்டிக்கு வெளியே எட்டயபுரம் சாலை. இங்கே வேலைக்குச் சேருகிறவர்கள் பட்டச் சான்றிதழ்களின் அசலைத் தாளாளர் அரசப்பனிடம் ஒப்படைத்துவிட வேண்டும். "பத்திரமா இருக்கும் சார்" என்பார். அவர் அறையில் இருக்கும் பீரோவில் எங்கள் எல்லோருடைய படிப்பும் பத்திரமாக இருக்கிறது. வேலையை விடுகிறேன் என்று சொல்லிப் பார்க்கிறவருக்குத்தான் எவ்வளவு பத்திரம் என்று தெரியும்.

கணினித் துறை வினோதினி, கோபிச்செட்டிப்பாளையத்துப் பெண், அரசுக் கல்லூரி வேலைக்கான தேர்வில் தேறிவிட்டாள். பிப்ரவரி இருபதாம் தேதி சென்னையில் அசல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும். தாளாளரிடம் போய்க் கேட்டதற்கு, "ஜூன் மாசம் பாப்பம்மா" என்றாராம். பிப்ரவரி கடைசியில் பல்கலைக்கழக ஆய்வுக்குழு எங்கள் கல்லூரிக்கு வருகிறது. அதற்கு முன்னால் பல்கலைக்கழகத்துக்கு ஒரு புகார் அனுப்புவது என்று நானும் வினோதினியும் இயந்திரவியல் துறை ஜெபராஜும் முடிவு செய்திருக்கிறோம்.

ஒரே இடைஞ்சல்: ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின் தாளாளரின் அக்கா மகன் சந்தனராஜ். கல்லூரி மின்னஞ்சலும் அவன் கையில்தான். ஆகவே எல்லாம் ரகசியமாக நடக்க வேண்டும்.

குழாயில் தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்திலும் பிடித்து வைத்தேன்.

ஜனவரி 8, வியாழன்

இயற்பியல் ஆய்வகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு முதல் கூட்டம். எந்த வழியில் பேசிக்கொள்வது என்பதிலேயே சண்டை வந்துவிட்டது.

வினோதினி மின்னஞ்சல் கட்சி. மின்னஞ்சலுக்குப் பூட்டும் சாவியும் உண்டாம். பூட்டை ஊருக்கே கொடுக்கலாம். அந்தப் பூட்டைப் போட்டு யார் வேண்டுமானாலும் நமக்குக் கடிதம் அனுப்பலாம். ஆனால் திறக்கும் சாவி நம்மிடம் மட்டும். "போன் நம்பர் வேண்டாமுங்க சார். புதுசா ஒரு முகவரி போட்டுக்கலாம். எந்தக் கம்பெனியையும் நம்ப வேண்டியதில்ல. நாளைக்கு ஆதாரம் வேணும்னாலும் கடிதம் அப்படியே இருக்கும்" என்றாள்.

ஜெபராஜ் செயலிக் கட்சி. வாட்ஸ்அப் மாதிரியே, ஆனால் ரகசியமாகப் பேசுவதற்கென்றே போனில் ஒன்று கிடைக்கிறதாம். "அப்படியே இருக்குங்கதுதானம்மா ஆபத்து! சாவி ஒரு தடவ எவன் கைலயாவது சிக்கிட்டுன்னா பழைய கடிதம் பூராத்தையும் திறந்துருவான். இந்தச் செயலியில ஒவ்வொரு செய்திக்கும் சாவி மாறிட்டே இருக்கும். படிச்ச மறுநாள் தானா அழிஞ்சும் போவும். என்னவே, நீரு சொல்லும்" என்று என்னைப் பார்த்தார்.

கடிதத்தின் வாசகங்கள் மின்னஞ்சலில், நமக்குள் பேச்சு செயலியில் என்று தீர்ப்புச் சொன்னேன். இரண்டின் நன்மையும் நமக்குக் கிடைக்கும் என்றேன். வினோதினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மணி அடித்துவிட்டது.

ஜனவரி 9, வெள்ளி

மதிய இடைவேளையில் மூவரும் ஒரே நேரத்தில் செயலியை ஏற்றினோம். என் போனில் முதல் செய்தி உடனே வந்தது. 'வெல்கம் சார்' என்று ஒரு கும்பிடும் கை. அனுப்பியவர் தாளாளர் அரசப்பன்.

போனை உடனே கவிழ்த்து வைத்தேன் (திரை வெளிச்சத்தில் கண் கூசியது). ஜெபராஜுக்கும் அதே கும்பிடும் கை வந்திருந்தது. வினோதினிக்கும்தான்.

நம் எண்ணைத் தன் போனில் வைத்திருக்கிற ஆள் ஏற்கெனவே அந்தச் செயலியில் இருந்தால், 'இன்னார் இப்போது வந்து சேர்ந்தார்' என்று அதுவே அவருக்குத் தெரிவித்துவிடுமாம். "நாம என்ன பேசறோம்னு யாருக்கும் தெரியாதுங்க சார். பேசறதுக்கு வந்திருக்கோம்னு மட்டும் தெரியும்" என்றாள் வினோதினி. ஜெபராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளாளருக்குப் பதில் கும்பிடு போட்டேன்.

ஜனவரி 12, திங்கள்

இன்று பூட்டு சரிபார்ப்பு. வினோதினியின் பூட்டு என்று எனக்கு வந்திருப்பது நிஜமாகவே அவளுடையதா, நடுவில் எவனாவது தன் பூட்டை மாற்றி வைத்துவிட்டானா என்று பார்க்க வேண்டுமாம். ஒவ்வொரு பூட்டுக்கும் எண்ணும் எழுத்துமாக ஒரு நீண்ட வரிசை உண்டு. இருவரும் நேரில் நின்று வாய்விட்டுப் படித்து ஒத்துப் பார்க்க வேண்டும்.

கல்லூரிப் பேருந்து நிற்கும் இடத்தில் நின்று படித்தோம். நான் "நாலு, ஏழு, எஃப், ஒன்பது" என்றேன். அவள் "சரிங்க சார்" என்றாள். நான் "ரெண்டு, ரெண்டு, பி, சைபர்" என்றேன். அவள் "சரிங்க சார்" என்றாள். நான் முடித்த பிறகு அவள் படிக்க, நான் சரி சொன்னேன். தூணுக்குப் பின்னால் கேண்டீன் மாடசாமி நின்றுகொண்டிருந்ததை முடிவில்தான் பார்த்தேன்.

ஜனவரி 13, செவ்வாய்

மாடசாமி எனக்கு மட்டும் இரண்டு வடை அதிகமாக வைத்து, காதருகே குனிந்து, "சார், இன்னைக்கு எந்த நம்பர் விழும்?" என்றான். கேரளா லாட்டரியின் கடைசி மூன்று எண்களுக்கு இங்கே திருட்டுத்தனமாகப் பந்தயம் கட்டுவார்களே, அதை நான் நடத்துவதாக நினைத்துவிட்டான். மறுத்துப் பார்த்தேன். கண்ணைச் சிமிட்டினான். ஆளை அனுப்பினால் போதும் என்று, அப்போது வகுப்பில் பாடம் எடுத்துவிட்டு வந்த பிளாங்க் மாறிலியின் முதல் மூன்று இலக்கங்களை, 662 என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 14, புதன்

662 விழுந்துவிட்டது.

ஜனவரி 17, சனி

பொங்கல் விடுமுறை. கரும்பு வெட்டிக்கொண்டிருந்தேன். போன் சமையலறை மேடையில் இருந்தது. வினோதினியின் செய்தி திரையில் வந்திருக்கிறது: 'பயப்படாதீங்க சார், நாளைக்கு எல்லாம் அழிஞ்சுடும். யாருக்கும் தெரியாது.'

செண்பகம் போனை என் முன்னால் நீட்டினாள். "இது யாரு? என்ன அழியும்?"

இதற்கு முன் நடந்த பேச்சையெல்லாம் காட்டி நிரூபிக்கலாம் என்று செயலியைத் திறந்தேன். எல்லாம் ஏற்கெனவே அழிந்திருந்தது.

"ஒரு தப்பும் இல்லாத பேச்சுன்னா எதுக்கு அழிக்குதீய?" என்றாள்.

பூட்டு, சாவி, செயலி என்று எல்லாவற்றையும் விளக்கினேன். விளக்க விளக்க அது எனக்கே பொய் மாதிரிக் கேட்டது.

ஜனவரி 19, திங்கள்

செண்பகம் நேற்று சாதாரண போனில் சாதாரணமாக வினோதினியைக் கூப்பிட்டு, "ஏம்மா, எங்க வீட்டுக்காரருக்கு எதுக்கும்மா ரகசியமா எழுதுத?" என்று கேட்டிருக்கிறாள். அரைமணி நேரம் பேசியிருக்கிறார்கள். இன்று வினோதினி அளவு ரவிக்கை கொடுத்தனுப்பியிருக்கிறாள். சென்னைக்குக் கட்டிப்போக புதிதாக ஒன்று தைக்க வேண்டுமாம்.

"பாவம், மூணாவது தடவையாத்தான் பாஸாகியிருக்கா. அவ அப்பாவுக்கு இப்ப நடமாட்டம் இல்லையாம். நீங்க அந்தக் கடிதத்த ஒழுங்கா அனுப்புங்க" என்றாள் செண்பகம்.

என் தலைமைக்குக் குடும்பத்திலும் ஆதரவு கிடைத்திருக்கிறது.

ஜனவரி 24, சனி

கடிதத்தின் இரண்டாம் பத்திக்கு நேற்று நான் செயலியில் ஓர் அருமையான திருத்தம் சொன்னேன். அழிந்துவிட்டது. என்ன திருத்தம் என்று யாருக்கும் நினைவில்லை. எனக்கும்.

ஜனவரி 29, வியாழன்

கடிதம் தயார். மூவர் பெயரும் போட்டு மூவரும் பார்த்தாகிவிட்டது. நாளை வினோதினி அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போகிறாள். ஜெபராஜுக்குத் தேர்வுப் பணி. அனுப்பும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பல்கலைக்கழகத்திடம் பூட்டு எதுவும் கிடையாது, கடிதத்தைத் திறந்த கடிதமாகவே அனுப்புங்கள் என்று வினோதினி சொல்லியிருக்கிறாள்.

மாலையில் படிக்கட்டில் தாளாளர் எதிரே வந்தார். தோளில் கை போட்டார். "சார், மக நாகர்கோவில்ல படிக்கில்லா? இன்னும் ரெண்டு வருஷம் இருக்கும்லா? படிப்பு முடியிற மட்டும் நிம்மதியா இருக்கணும் சார், வீடு" என்றார். சாதாரண விசாரிப்புதான்.

இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. கத்தரிக்காய் கசப்பு.

ஜனவரி 30, வெள்ளி

வினோதினி சொன்னபடி புதிதாகப் போட்ட முகவரியிலிருந்து அனுப்பிவிட்டேன். அனுப்பும் முன் நடை கருதிச் சில சிறு திருத்தங்கள் செய்தேன். பாதுகாப்பு கருதிக் கடிதத்தைப் பூட்டியும் விட்டேன். வினோதினிக்கும் ஜெபராஜுக்கும் நகல் போயிருக்கிறது.

"ஒங்க பேரு எத்தனாவதா போட்டிருக்கு?" என்று கேட்டாள் செண்பகம்.

மிக்ஸி ஜாரின் அடிப்பகுதி ஒழுகுகிறது. நாளை மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 4, புதன்

பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. எங்களுக்கு அல்ல, கல்லூரிக்கு. எங்கள் முகவரிக்கு நகல் மட்டும். 'தங்கள் கல்லூரி ஆசிரியர்களிடமிருந்து வந்ததாகத் தோன்றும் இக்கடிதத்தைப் படிக்க இயலவில்லை. உரியவர்களிடம் விளக்கம் பெற்று, படிக்கத்தக்க வடிவில் அனுப்பவும்' என்று, நான் அனுப்பியதையும் இணைத்துத் தாளாளருக்கே அனுப்பிவிட்டார்கள்.

ஆய்வகத்தில் அவசரக் கூட்டம். ஊரிலிருந்து இன்று காலையில்தான் திரும்பிய வினோதினி, தனக்கு வந்திருந்த நகலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க சார், எந்தப் பூட்டுப் போட்டீங்க?"

"பூட்டுதான்."

"உங்க பூட்டுங்க சார் இது. உங்க பூட்டப் போட்டு, சாவியையும் நீங்களே வெச்சுக்கிட்டு, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பீருக்கீங்க. எங்களாலயும் திறக்க முடியல."

"சரிம்மா, ரகசியமாவது காப்பாத்திட்டம்லா" என்றார் ஜெபராஜ்.

"எங்கீங்க சார்! பொருள் வரி பூட்டுக்குள்ள போகவே போகாது. அது எப்பவும் வெளியதான் நிக்கும்."

பொருள் வரியில் நான் முறைப்படி எழுதியிருந்தேன்: 'செந்தூரா பொறியியல் கல்லூரித் தாளாளர் ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்கள் முதலானவற்றைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருத்தல் – மிக மிக ரகசியம் – தொடர்பாக.'

ஜெபராஜ் அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "முதலானவற்றையா?" என்றார்.

பிப்ரவரி 5, வியாழன்

தாளாளர் எங்கள் மூவரையும் அழைத்தார். ஒரே மத்தியானத்தில் செயலிக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள்தான் என்பதால் எங்களைப் பிடிக்க அவருக்குச் சிரமம் இருக்கவில்லை. கடிதத்தை அச்செடுத்து மேசையில் விரித்திருந்தார். நான்கு பக்கமும் அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணும்.

"சான்றிதழ் சமாச்சாரம் சரி, மேலயே போட்டிருக்கு. 'முதலானவற்றை'ன்னா என்னது?" என்று கேட்டார். "நாலு பக்கம் இருக்கே சார்! அப்படி என்னத்த எழுதியிருக்கீங்க?"

உண்மையில் கடிதம் முக்கால் பக்கம்தான். பூட்டினால் நீளமாகிவிடும். ஆனால் நாங்கள் யாரும் அதைச் சொல்லவில்லை.

அவர் நெற்றியில் வியர்வை. மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஐந்து நாட்களாகக் கல்லூரியில் நடப்பதை அப்படியே எழுதுகிறேன். பெண்கள் கழிப்பறைக்குக் கதவு போட்டாயிற்று. வேதியியல் ஆய்வகத்தில் ஆய்வுக்குழு வரும்போது மட்டும் இரவல் வாங்கி வைக்கும் கருவிகளை நிஜமாகவே வாங்கிவிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் மட்டும் வாழ்ந்து வந்த இரண்டு பேராசிரியர்கள் திடீரென ராஜினாமா செய்துவிட்டார்கள். விடுதிச் சாம்பாரில் பருப்பு தட்டுப்படுகிறது. கடிதத்தில் என்ன இருக்கும் என்று தாளாளர் யோசித்து யோசித்து, ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே வருகிறார். இதில் எதையும் நாங்கள் எழுதவில்லை. பாதிக்கு மேல் எங்களுக்கே தெரியாது.

பீரோவை மட்டும் அவர் திறக்கவில்லை. திறந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடுமாம்.

பிப்ரவரி 12, வியாழன்

வேறு கடிதம் எழுதித் திறந்தபடி அனுப்பிவிடலாம் என்றாள் வினோதினி. ஜெபராஜ் விடவில்லை. "படிக்க முடியாத கடிதம்தாம்மா வேல செய்யுது. படிச்சுட்டாம்னா முக்காப் பக்கம்னு தெரிஞ்சிரும்" என்றார்.

"அப்ப நமக்காச்சும் ஒரு தடவ திறந்து காட்டுங்க சார். முதலானவைன்னு உள்ள என்ன போட்டிருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியோணுமில்ல" என்றாள் என்னிடம்.

சாவிக்குப் பாஸ்வேர்டு உண்டு. ஒரு சொல்லாக இல்லாமல் முழு வாக்கியமாக வைக்கச் சொல்லியிருந்தாள். அது மறந்துவிட்டது என்றேன். வாக்கியங்கள் மறக்கக்கூடியவை. வயது நாற்பத்தெட்டு ஆகிறது.

பிப்ரவரி 14, சனி

தாளாளர் இறங்கி வந்துவிட்டார். எங்களை உட்கார வைத்து, இளநீர் வரவழைத்து, "எனக்குத் தூக்கம் போச்சு சார். கடிதத்த என் கண் முன்னால திறந்து காட்டுங்க. அதுல என்ன இருந்தாலும் சரி, இந்தப் பிள்ளையோட சான்றிதழ அங்கனயே குடுத்துருதேன்" என்றார்.

ஜெபராஜ் என் தொடையைத் தட்டினார். வினோதினி கையைப் பிசைந்தபடி என்னைப் பார்த்தாள்.

பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று தாளாளரிடமும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை வரை யோசித்துப் பார்க்கச் சொன்னார்.

இளநீரில் வழுக்கை நன்றாக இருந்தது என்று ஜெபராஜ் சொன்னார். நான் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

வினோதினி தைத்த ரவிக்கையை வாங்கிப்போக வீட்டுக்கு வந்தாள். செண்பகம் அவளுக்குத் தோசை ஊற்றினாள். கடிதத்தைப் பற்றி வினோதினி ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க சார். மறந்துட்டா மறந்ததுதானுங்க. அடுத்த தடவ பரீட்சை வெச்சாங்கன்னா எழுதிக்கிறேன். இந்த ரவிக்கை அப்ப ஆகும்" என்றாள்.

அவள் போன பிறகு செண்பகம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "ஒங்களுக்கு எம் பொறந்த நாளு, எங்க அப்பா பொறந்த நாளு, முப்பது வருசத்துக்கு முந்தி படிச்ச சூத்திரம் எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

எனக்குப் பாஸ்வேர்டு நினைவுக்கு வந்துவிட்டது என்று காலையில் தாளாளரிடம் சொன்னேன்.

பதினொரு மணிக்கு அவர் அறையில் கூடினோம். தாளாளர், சந்தனராஜ், ஜெபராஜ், வினோதினி, நான். என் சாவியைப் பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன். தாளாளரின் கணினியைச் சந்தனராஜைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது விதி. ஆகவே பாஸ்வேர்டை நான் வாயால் சொல்ல, அவன் தட்ட வேண்டும் என்றானது.

"நானே போடுறேனே" என்றேன்.

"சும்மா சொல்லுங்க சார், இனி என்ன ரகசியம்!" என்றார் தாளாளர்.

சொன்னேன். தமிழ் வாக்கியம், ஆங்கில எழுத்தில். "குலசேகரன்."

சந்தனராஜ் தட்டினான். "அப்புறம்?"

"எவனுக்கும்."

"ஒரு 'கே'யா, ரெண்டு 'கே'யா சார்?"

"ரெண்டு. பயப்பட மாட்டான்."

சந்தனராஜ் மாமாவைப் பார்த்தான். "அடில" என்றார் அவர்.

கடிதம் திறந்துகொண்டது. தாளாளர் மூக்குக் கண்ணாடியை மாட்டி வாய்விட்டுப் படித்தார். சான்றிதழ், மகப்பேறு விடுப்பு, ஞாயிற்றுக்கிழமை வேலை, அவ்வளவுதான். அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. "இம்புட்டுத்தானா!" என்றார். கடைசி வரிகளுக்கு வந்தார்.

"இப்படிக்கு. ஜெபராஜ், இயந்திரவியல் துறை. வினோதினி, கணினித் துறை. மற்றும் பலர்."

மறுபடியும் படித்தார். "மற்றும் பலர்."

ஜெபராஜ் திரையருகே குனிந்து தானே ஒருமுறை படித்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வினோதினி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். என்னைத் தெரியாதவள் போலப் பார்த்தாள்.

முந்தைய பக்கங்களில் 'நடை கருதி' என்று எழுதியிருக்கிறேன். நடை கருதி அல்ல.

தாளாளர் எழுந்து வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க இதுல இல்லவே இல்ல! கூடவே இருந்து, எவனும் படிக்க முடியாதபடி பூட்டிப் போட்டு, கல்லூரி மானத்தக் காப்பாத்தியிருக்கீங்க!" அவர் கண்கள் கலங்கியிருந்தன. என் கண்களும்தான், வேறு காரணத்துக்காக.

வாக்கு என்ன ஆயிற்று என்று ஜெபராஜ் கேட்டார். அவருக்கும் வினோதினிக்கும் அங்கேயே விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார் தாளாளர். சான்றிதழ் ஜூனில்தான் என்றார். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்தினார்.

"இந்தப் பலருன்னா யாரு யாரு சார்?"

தெரியாது என்றேன். உண்மையும் அதுதான்.

அவர் ஒவ்வொருவராக யோசிக்க ஆரம்பித்தார். கணிதத் துறை, நூலகர், உடற்கல்வி ஆசிரியர். யோசித்துக்கொண்டே வந்தவர் திடீரென்று சந்தனராஜைப் பார்த்தார். "ஏல, நீயும் உண்டா?"

"மாமா!"

"ரெண்டு 'கே'யான்னு கேட்ட ஒடனே எனக்குத் தோணுச்சு." அவன் இடுப்பிலிருந்த பீரோ சாவியை அவிழ்க்கச் சொல்லி வாங்கினார். என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "இனிமே இது ஒங்ககிட்டதான் சார் இருக்கணும். பொறுப்புத் துணை முதல்வரா நாளைக்கே ஆர்டர் போட்டுருதேன்."

வீட்டுக்கு வந்து செண்பகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். மற்றும் பலர் உட்பட. அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். முடிவில், "சாவி எங்க?" என்றாள்.

பிப்ரவரி 18, புதன்

தாளாளர் காலையில் தூத்துக்குடிக்கு ஒரு திருமணத்துக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு அவர் அறைக்குள் போய்ப் பீரோவைத் திறந்தேன். கோப்புகளை இரண்டு தடவையாகத் தூக்கிக்கொண்டு போய் நூலக மேசையில் அடுக்கினேன். பிறகு வராந்தாவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரல்தான்.

"வினோதினி!"

மெதுவாக வந்தாள். கோப்பைத் திறந்து ஒவ்வொரு தாளாக விரலால் தடவிப் பார்த்தாள். நேரே வாசலுக்குப் போய் ஆட்டோ பிடித்தாள்.

அடுத்து ஜெபராஜ். வாங்கிக்கொண்டார். முகம் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருவரும் வரமாட்டார்களோ என்றிருந்தது. கணிதத் துறை அம்மாள் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தார். பிறகு நூலகர் வந்தார். பிறகு ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உடற்கல்வி ஆசிரியர் தன் பட்டத்தைப் பார்த்துவிட்டு, "நான் இவ்வளவு ஒல்லியாவா இருந்தேன்!" என்று புகைப்படத்தை எல்லோருக்கும் காட்டினார். கடைசியில் சந்தனராஜ் வந்து நின்றான். "எனக்கும் பி.காம். சர்டிபிகேட் உள்ளதான் இருக்கு சார். மாமா தர மாட்டேங்காரு" என்றான். கொடுத்தேன்.

பீரோவைப் பூட்டி, சாவியைத் தாளாளர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நேரம் காற்று மாதிரி இருந்தது.

பிப்ரவரி 19, வியாழன்

பணி இடைநீக்கம். உடன் இருந்தவர்கள் யார் யார் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். 'நான் மட்டும்' என்று எழுதி, முழுப் பெயரும் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

"போகுது. ஒங்க சர்டிபிகேட்ட எங்க வச்சிருக்கீய? பரண்ல வைக்காதீய, கரையான் இருக்கு" என்றாள் செண்பகம்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என்னுடையது மேல்தட்டில் தனியாக இருந்தது. எடுக்கவில்லை. நானே பூட்டினேன்.

செண்பகம் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. தையல் இயந்திரத்தின் மேல் சாய்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். அப்புறம் நானும்.

பிப்ரவரி 20, வெள்ளி

வினோதினிக்குச் சரிபார்ப்பு முடிந்தது. போன் செண்பகத்துக்குத்தான் வந்தது.

பிப்ரவரி 23, திங்கள்

வினோதினி வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு வெள்ளைத்தாள், கையால் எழுதியது, பின்பக்கமும் நிறைந்திருந்தது. பல்கலைக்கழக ஆய்வுக்குழுவுக்குத் திறந்த மனு: 'எங்கள் சக ஆசிரியர் திரு. குலசேகரனின் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தர உத்தரவிடக் கோருதல்.' கீழே கையெழுத்துகள். கணிதத் துறை, நூலகர், உடற்கல்வி, எல்லாத் துறையும். மாடசாமிகூடப் போட்டிருந்தான். அவனுக்குச் சான்றிதழே கிடையாது.

"இது ஜெபராஜ் சார் எழுதுனதுங்க. குழு வந்ததும் நேர்ல குடுக்கப் போறோம்" என்றாள்.

"அவர் ஏன் வரல?"

"அவருக்கு இன்னும் கோவம் போகலீங்க சார்." கொஞ்சம் யோசித்தாள். "எனக்கும் போகல. ஆனா அது வேற, இது வேறங்க."

அவளுக்குக் காபி நான் போட்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

நேற்று குழு வந்தது. மனுவை எல்லோர் முன்னிலையிலும் படித்தார்களாம். பீரோவைத் திறக்கச் சொன்னார்களாம். உள்ளே ஒரே ஒரு கோப்புதான் இருந்ததாம். தாளாளரே அதை எடுத்துக் குழுவின் மேசையில் வைத்தாராம். இடைநீக்கம் என்ன ஆகும் என்று தெரியவில்லை. மதுரையில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன்.

இன்று மாலை வாசலில் பைக் சத்தம் கேட்டது. ஜெபராஜ். என் சான்றிதழ்க் கோப்பை என் கையில் கொடுத்துவிட்டு நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. செண்பகம் உள்ளிருந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்ட பிறகு உட்கார்ந்தார்.

வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்தார். "வே, ஒரு விசயம் கேக்கணும்" என்றார்.

"கேளும்."

"ஒம்ம பேர எடுத்தீரு, சரி. மக படிக்குது, பயந்துட்டீரு. நானா இருந்தாலும் என்ன செஞ்சிருப்பேனோ தெரியாது. ஆனா எம் பேருக்கு முன்னால 'திரு' போட்டுத்தான நான் தட்டச்சு அடிச்சுக் குடுத்தேன். அதையும் ஏன்வே எடுத்தீரு? வெறும் ஜெபராஜ்னு. தாளாளர் முன்னால அவரு படிக்கும்போது என்னமோ குற்றவாளிப் பேரு வாசிக்க மாதிரி இருந்துச்சு."

எனக்கு அது நினைவே இல்லை. அவசரத்தில் அழித்திருப்பேன்.

"அந்த மனுவுல ஒமக்கு 'திரு' போட்டிருந்தேன், பாத்தீரா?"

"பார்த்தேன்."

"ம்."

செண்பகம் சுக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் எடுக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தார்.

எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். 'திரு' விட்டுப்போனதற்காக. குரல் உடைந்து, கேட்டு முடிக்க வெகுநேரம் ஆகிவிட்டது. ஒரு 'திரு'வுக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஜெபராஜ் காபியை எடுத்துக்கொண்டார்.